ஓர் ஊசிகூட இல்லாத கல்யாணக் கொண்டை

கத்தரி பிடிப்பது, சாயம் கலப்பது, சுருட்டை முடியை நேராக்குவது எல்லாவற்றையும் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தெரியாததையும் செல்போனைப் பார்த்து அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறீர்கள். அதனால் அந்தப் பக்கம் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. சாத்தூரில் மாடிப்படி ஏறி வரவேண்டிய சின்ன பார்லர் ஒன்றை இருபத்தெட்டு வருடம் நடத்திவிட்டு, முழங்கால் இனிமேல் முடியாது என்று சொன்னதும் மகளிடம் சாவியைக் கொடுத்தவள் நான். உங்களிடம் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். நாற்காலியில் வந்து உட்காருகிறவளின் தலையைத் தொடுவதற்கு முன்னால் அவளிடம் எதைக் கேட்கவேண்டும் என்பது. அதையும் நான் கௌரவமாகக் கற்றுக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை பார்க்க, மானம் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

மதுரையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அம்மாள் கெட்டிக்காரி. வட்ட முகம், நீள முகம், சதுர முகம், நெற்றி அகன்ற முகம் என்று நோட்டில் படம் வரைய வைப்பார். எந்த முகத்துக்கு எந்த வெட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும். சொல்வேன். சான்றிதழைக் கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டு, வருகிற எல்லார் முகத்தையும் அளந்துகொண்டே காலத்தை ஓட்டினேன்.

அப்படி அளந்து ஒருமுறை நர்ஸ் ஒருத்திக்கு நெற்றியில் விழுகிற மாதிரி முன்முடி வெட்டிவிட்டேன். அகன்ற நெற்றி, படத்தில் போட்டிருந்தபடியே அழகாக உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் படியேறி வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. பாத்தவுக எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாக. ஆனா குனிஞ்சு நரம்பு தேடும்போது முடி கண்ணுல வந்து விளுது. ரெண்டு கையிலயும் கிளவுஸ். எதால ஒதுக்க? தலைய ஆட்டி ஆட்டி ஒதுக்குனேன். ஊசி வேண்டாம்னு சொல்லுதேன்னு நெனச்சு ஒரு பெரியவர் எந்திரிச்சு வீட்டுக்கே போயிட்டாரு."

இருவரும் சிரித்தோம். முன்முடி வளரும்வரை ஓரமாகப் பின்னிக்கொள்ள வழி காட்டி அனுப்பினேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

அடுத்து பொன்மாரி வந்தாள். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். சரம் பின்னுவது என்றால், சின்னச் சின்ன வெடிகளை நூலின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்துப் பூட்டிக்கொண்டே போவது. பத்து வருட அனுபவம், நிதானம், நல்ல பெயர். அந்த ஷெட்டுக்கு அதுவரை ஆண்கள்தான் போர்மேனாக இருந்தார்கள். முதல் தடவையாக ஒரு பெண்ணைப் போடலாம் என்று அவள் பெயரை எழுதியிருந்தார்கள். பயிற்சிக்குப் போய்த் தேறியும் விட்டாள். ஆர்டர் கைக்கு வரவேண்டியதுதான் பாக்கி. ஆவணி கடைசியில் கல்யாணமும் வைத்திருந்தார்கள், மாப்பிள்ளைக்கு ஆலங்குளம்.

அவள் தலைமுடியை நான் என்னவென்று சொல்ல. முழங்காலைத் தொடும். கையில் எடுத்தால் கயிறு மாதிரி கனக்கும். பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. முகூர்த்தத்துக்கு முந்திய வாரம், ஞாயிற்றுக்கிழமை, டிரையல் பார்க்கலாம் என்று உட்கார வைத்து, செல்போனில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து அறுபது கொண்டை ஊசி குத்தி ஒரு கோபுரக் கொண்டை போட்டேன். ஒவ்வோர் ஊசிக்கும் அவள் தோள் லேசாகக் குறுகியதைக் கண்ணாடியில் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆள் காத்திருந்ததால் அவசர அவசரமாக எல்லா ஊசியையும் உருவினேன். உருவியதாக நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் பொன்மாரியோடு வேலை பார்க்கும் சுந்தரி புருவம் திருத்த வந்தாள். கண்ணை மூடிப் படுத்தபடியே கேட்டாள்.

"ஒங்களுக்கு விசயம் தெரியாதாக்கா? பொன்மாரிய வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நேத்து கேட்டுல செக் பண்ணும்போது பிடரியில ஒரு ஊசி இருந்துருக்கு. போர்மேன் ஆர்டரும் நின்னுரும்னு பேசிக்கிடுதாக."

என் கையில் இருந்த நூல் அறுந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பு போகக்கூடாது என்பது இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொலுசு கூடாது, செல்போன் கூடாது, பருத்தித் துணி தவிர வேறு கூடாது. ஓர் உரசல் போதும், ஒரு ஷெட்டே இருக்காது. இது தெரிந்த ஊரில் பிறந்து, இது தெரிந்த ஊரில் தொழில் செய்து, அந்த வேலைக்குப் போகிற பெண்ணின் தலையில் அறுபது இரும்பைக் குத்தியிருக்கிறேன். சுந்தரியின் ஒரு புருவத்தை அப்படியே விட்டுவிட்டேன் என்பது அவள் மறுநாள் வந்து சண்டை போட்டபோதுதான் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் கம்பெனிக்குக் கிளம்பினேன். மேனேஜரைப் பார்க்கப் போகிறோமே, மதிப்பாக இருக்கவேண்டாமா என்று இருபது நிமிடம் செலவழித்து எனக்கே எனக்கு ஒரு கொண்டை போட்டுக்கொண்டேன். நல்ல பருத்திச் சேலை, மடிப்புக் கலையாமல் தோளில் ஊக்கு. ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது.

கேட்டில் செல்லத்தாய் நின்றாள். பெண்களைச் சோதனை போடுகிற வேலை அவளுக்கு. ஐம்பது வயது இருக்கும். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது போன்ற முகம்.

"உள்ள போகணும்னா எல்லாத்தையும் களத்துங்க."

"நான் ஆபீசுக்குத்தான் போறேன். ஷெட்டுப் பக்கம் போகல."

"கலெக்டரே வந்தாலும் களத்திட்டுத்தான் போவாரு. குனிங்க."

குனிந்தேன். என் தலையில் இருந்து ஒவ்வொன்றாக உருவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டாள். ஒவ்வொன்றும் விழும்போது வேலைக்கு வந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பதினேழாவது ஊசியில் கொண்டை சரிந்தது. அதற்கப்புறம் தோளில் இருந்த ஊக்கு. அதற்கப்புறம் கைப்பை, செல்போன். ஒரு கையால் முடியையும் ஒரு கையால் முந்தானையையும் பிடித்துக்கொண்டு, சாத்தூரிலேயே பெயர் பெற்ற பியூட்டீஷியன் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் வணக்கம் வைக்கக்கூட முடியவில்லை.

மேனேஜர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். என் கோலத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"சார், பொன்மாரி தலையில இருந்தது என் ஊசி. சாத்தூர்ல பார்லர் வச்சிருக்கேன். நான்தான் எடுக்காம விட்டுட்டேன். அந்தப் பிள்ள மேல தப்பில்ல."

"அது எங்கிட்ட அப்படிச் சொல்லலையேம்மா" என்றார். "என் தலை, நான்தான் பாத்திருக்கணும்னு சொல்லிட்டுப் போயிருச்சு. உங்க பேர எடுக்கவே இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போர்மேன்னா நாப்பது பேரு தலையையும் பாக்க வேண்டிய வேல" என்று அவரே தொடர்ந்தார். "நல்ல பிள்ளதான், இல்லைங்கல. ஆனா நல்ல பிள்ளைன்னு வெடிக்குத் தெரியாதுல்ல. கல்யாணத்துக்கும் நீங்கதான் அலங்காரமா?"

"ஆமா சார்."

"எம்புட்டு ஊசி குத்துவீக?"

"அறுபது, எழுபது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சுவரில் இருந்த காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "தீபாவளி சீசன். எனக்கு ஆள் வேணும். கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளு அது வேலைக்கு வந்தாகணும். புதுப்பொண்ணு தலையில போற வீட்டுல எல்லாம் பூவ வச்சு ஊசியக் குத்தத்தான் செய்வாக. அதையெல்லாம் தாண்டி அன்னைக்குக் காலைல கேட்டுல சுத்தமா வந்து நிக்கட்டும், ஆர்டரக் கையில குடுக்கேன். ஒண்ணு கெடச்சாலும் பேர எடுத்திருவேன். அடுத்த ஆளு கேட்டுக்கிட்டு நிக்காக."

வெளியே வந்தபோதும் நான் முடியைக் கையில்தான் பிடித்திருந்தேன். செல்லத்தாய் டப்பாவை நீட்டினாள். அதற்குமேல் என் தவிப்பைப் பார்க்கப் பொறுக்காமல், துண்டுத் துணி ஒன்றைக் கிழித்து, என்னைத் திருப்பி நிற்கவைத்து, முடியை ஒரு சுற்று, துணியை ஒரு சுற்று, முடியை ஒரு சுற்று என்று முறுக்கி முடிந்துவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆட்டோவில் காற்று அடித்தது. ஒரு முடி பிரியவில்லை. பார்லர் கண்ணாடியில் பார்த்தேன். இருபது நிமிடக் கொண்டையைவிட அது எனக்கு நன்றாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அன்று சாயந்தரமே பொன்மாரியை வரச்சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அவளை உட்காரவைத்து, சீப்பையே எடுக்காமல், என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான கேள்வியைக் கேட்டேன். "காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் உன் தலைக்கு என்னென்ன நடக்குதுன்னு சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. நாலு மணிக்கு எழுந்து, ஆறரை வேனைப் பிடிப்பதற்குள் முழங்கால்வரை தொங்கும் முடியைச் சுருட்டித் துணியால் மூடவேண்டும். வேலையில் கையெல்லாம் வெடிமருந்து. தலை அரித்தாலும் தொட முடியாது. சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் அடுப்புப் பக்கம் போவதற்கு முன்னால் தலைக்கு ஊற்றியாகவேண்டும்.

"இம்புட்டு முடியும் எப்பக்கா காயும்? ஈரத்தோடதான் படுக்கேன். தெனமும் தலவலி. முடி அளகா இருக்கு அளகா இருக்குன்னு ஊரே சொல்லுது. எனக்கு அது பாரம்க்கா."

"உனக்கு எம்புட்டு வேணும்?"

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகின் நடுவில் தொட்டுக் காட்டினாள். "இங்கன நிக்கணும். நான் கட்டிக்கிடப் போறவுககிட்டக்கூட போன்ல சொல்லிட்டேன். கல்யாணத்துக்கு முன்ன வெட்டுனா ஊருல ஏதாவது பேசுவாகளோன்னுதான்."

"பேசுறவுக வந்து உன் தலைய காய வைப்பாகளா?" என்றேன்.

வெட்டினேன். தரையில் விழுந்ததைப் பார்த்து எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அவள் தலையை இடம் வலமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தாள். முகம் வட்டமா நீளமா என்பதை நான் அன்று கவனிக்கவே இல்லை. அந்த முகத்துக்கு அது அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

போகும்போது கதவருகே நின்று சொன்னாள். "கல்யாணத்துக்கும் ஊசி வேண்டாம்க்கா. ஒண்ணுகூட. வச்சாத்தான எடுக்க மறக்கும்?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, மூன்று நாள் என் மகள் தலையில் நூலை வைத்துக் கட்டிப் பார்த்தும் கொண்டை ஒரு மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. செல்லத்தாயின் முடிச்சு ஒல்லி முடிக்குச் சரி. பூச்சரத்தின் கனத்தையும் முகூர்த்தக் கூட்டத்தின் இடியையும் அது தாங்காது.

கல்யாணத்தன்று மண்டபத்து அறையில் மாப்பிள்ளையின் அக்கா முதலில் நுழைந்தார். கையில் செல்போன், அதில் எனக்கு நன்றாகத் தெரிந்த அதே கோபுரக் கொண்டை.

"இந்த மாதிரிதான் போட்டிருப்பீகன்னு நெனச்சேன். ஆமா, பொண்ணுக்கு முடி எங்க?"

"வெட்டியாச்சு மதினி" என்றாள் பொன்மாரி, கண்ணாடியைப் பார்த்தபடியே. "அவுகளுக்குத் தெரியும். ஈரத் தலையோட படுக்க வேண்டாம்ல, நல்லதுதான்னுட்டாக."

தம்பியே சொன்ன பிறகு அவர் என்ன சொல்ல முடியும். ஆனால் கொண்டையை விட்டுக்கொடுக்கவில்லை. "நாலு ஊசியாவது குத்துங்க, போட்டாவுல தலை நிக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் நூலால் கட்டி, மல்லிகைச் சரத்தைச் சுற்றினேன். பொன்மாரி எழுந்து நின்றாள். கொண்டை மெதுவாக, எல்லாரும் பார்க்கும்படி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தோளில் உட்கார்ந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி சாய்ந்தது. வெளியே பெண்ணை அழைத்துவரச் சொல்லிக் குரல் வந்துவிட்டது. பையின் ஓரத்தில் ஊசி டப்பா இருந்தது. நாலே நாலு குத்திவிட்டு, முகூர்த்தம் முடிந்ததும் எண்ணி எடுத்துவிடலாம் என்று என் விரல் அதன் மூடிவரை போய்விட்டது. இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. மூடியைத் திறந்தும் விட்டேன்.

கண்ணாடியில் பொன்மாரி என் கையைப் பார்த்தாள். அவள் தோள் முன்பு மாதிரியே குறுகியது. இந்தத் தடவை அது கூச்சம் இல்லை, இரும்பைக் கண்ட பயம் என்று எனக்குத் தெரியும். டப்பாவை மூடி, மாப்பிள்ளையின் அக்கா கையிலேயே கொடுத்து, "இத வெளிய கொண்டுபோய் வைங்கம்மா, இந்த அறையில இருக்கக்கூடாது" என்றேன். பிறகு கதவைத் திறந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். "சுந்தரி, கம்பெனிப் பிள்ளைகள் எல்லாம் இங்கன வாங்க. என்னால முடியல."

தொழிலில் அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்குமேல் ஆகியிருக்கிறது. நீங்கள் சீக்கிரமே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

சுந்தரியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். சுந்தரி கொண்டையைத் தூக்கிப் பார்த்தாள். "என்னக்கா கட்டி வச்சிருக்கீக? கட்டுனா நிக்குமா? பூட்டணும்லா. தள்ளுங்க, இது சரம் பின்ற வேலதான."

இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். நடுவில் பருத்தி நூல். ஒரு கற்றை இடமிருந்து, ஒரு பூட்டு. ஒரு கற்றை வலமிருந்து, ஒரு பூட்டு. எட்டுக் கை ஓடிய வேகத்தில் எது யார் விரல் என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கதையையும் வேன் டிரைவர் கதையையும் பேசிக்கொண்டே செய்தார்கள். சான்றிதழ் வாங்கிய நான் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னி, வளைத்து, அதே நூலால் அடியில் பூட்டி, பூச்சரத்தையும் உள்ளே சேர்த்துப் பின்னிவிட்டார்கள். கோபுரம் இல்லை. தாழ்ந்து, அடக்கமாக, கழுத்துக்கு மேலே தாமரை மொட்டு மாதிரி ஒரு கொண்டை. நான் நோட்டில் வரைந்த எந்தப் படத்திலும் அது கிடையாது.

மாப்பிள்ளையின் அக்கா திரும்பி வந்து கொண்டையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். பொன்மாரியின் தலைதான் கூட வந்தது, கொண்டை வரவில்லை. "எனக்கும் இப்படி ஒண்ணு போட்டு விடுங்கத்தா, தாலி கட்ட நேரம் இருக்குல்ல" என்று கீழே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மூன்று நாளும் விருந்து. போன வீட்டில் எல்லாம் யாராவது ஊசியும் கையுமாக வருவார்களாம். "எனக்குப் பின்னிக்கிடத் தெரியும்" என்று பொன்மாரி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளாம். நாலாம் நாள் காலையில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. முந்தைய நாள் சுந்தரி எனக்கும் அதே பின்னலைப் போட்டுவிட்டிருந்தாள். ஆறரை வேனிலேயே நானும் ஏறிவிட்டேன்.

கேட்டில் செல்லத்தாய். மேனேஜரும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மற்றவர்கள் உள்ளே போகாமல் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். செல்லத்தாய் பொன்மாரியைக் குனியச் சொல்லி, நெற்றியில் தொடங்கி, பின்னலின் ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் விரலை விட்டுத் தடவினாள். பிடரிக்கு வந்ததும் அங்கேயே நின்று தேடினாள். நான் கோயில் கோயிலாகப் போகிறவள் இல்லை. அன்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

செல்லத்தாய் கையை எடுத்தாள். எப்போதும் "ம், போ" என்று முதுகில் தட்டி அனுப்புகிறவள், ஓர் அடி விலகி வழிவிட்டாள்.

"சுத்தமா இருக்கு. போங்க போர்மேன்."

பெண்கள் கைதட்டினார்கள். சுந்தரி விசிலே அடித்துவிட்டாள். பொன்மாரி மேனேஜரிடம் போய்க் காகிதத்தை வாங்கிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஒரு தடவை இடம் வலமாக ஆட்டினாள், அன்று முடி வெட்டியதும் ஆட்டின மாதிரியே. நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் போனபோது செல்லத்தாய் என்னைக் கையாட்டிக் கூப்பிட்டாள்.

"நான் உள்ள வரலையே" என்றேன்.

"பரவாயில்ல. வந்தது வந்துட்டீக, குனிங்க."

குனிந்தேன். நெற்றியில் இருந்து பிடரிவரை பொறுமையாகத் தேடினாள். பிளாஸ்டிக் டப்பாவைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருந்தாள். கடைசியில் அதை மூடினாள். அந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நீங்களும் தேறிட்டீக."